உட்கார்ந்த நாற்பது நிமிஷம்

பிராங்கிளின் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது சரியாக ஐம்பதாயிரம் ரூபாய். அதில் ஒரு ரூபாயைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. பேங்கில் வாங்கியதில்லை, வட்டிக்கு வாங்கியதில்லை, யாருக்கும் ஜாமீன் நின்றதும் இல்லை. ஒரு வருஷத்துக்கு ஊரின் அமைதியைக் கெடுக்க மாட்டேன், கெடுத்தால் ஐம்பதாயிரம் கட்டுகிறேன் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் அப்படி எழுதியிருக்கிறது என்று போட்ட அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

அது நடந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். சிரிக்கிற நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கடலுக்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற குப்பம் அவருடையது. அங்கே மாதா கோயில் பெருவிழா செப்டம்பரில் வரும். தேர் ரோட்டைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, வெடி கூடாது, தேர் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு நிபந்தனை இருக்கும். கீழே பொறுப்பாளர் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு வருஷமாக அந்த முதல் கையெழுத்து பிராங்கிளினுடையது. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், காக்கிச் சட்டையைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளாது என்று குப்பத்தில் ஒரு நம்பிக்கை. அவர் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்து கூட்டக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல், மனைவி சில்வியா பக்கத்தில் உட்கார்ந்து பூசைப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டித்தான். தலைப்பைப் படித்துவிடுவார். பொடி எழுத்து என்றால் வரிகள் ஒன்றோடொன்று ஏறிக்கொள்ளும்.

இரண்டாவது கையெழுத்து மளிகைக் கடை சாலமோன் அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் சபை வேறு, ஆனாலும் பெருவிழா அன்னதானத்துக்கு அரிசி அவர் கடையிலிருந்துதான் வரும். கடைக்காரர் கையெழுத்து என்றால் ஸ்டேஷனில் ஒரு மதிப்பு.

போன வருஷம் ஸ்டேஷன் ரைட்டர், “இந்த வாட்டி கோட்டாட்சியர் ஆபீசுலயும் ஒரு கையெழுத்து போடணும், ரெண்டு பேரும் கெளம்பி வாங்க” என்றார். தேர்தல் வருகிற வருஷம். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் இத்தனை பேரிடம் பத்திரம் வாங்க வேண்டும் என்று கணக்கு இருந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். குப்பத்து வாசலுக்குக் குறுக்கே டிரெய்லரை நிறுத்திய டிரைவரோடு மூன்று வருஷத்துக்கு முன்னால் பிராங்கிளின் சண்டை போட்டது எங்கேயோ எழுதிக் கிடந்திருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் போனார்கள். முத்திரை குத்திய தாள்கள் நான்கைந்து இருந்தன. திருவிழாவுக்குப் புதுசாக ஏதோ விதி போட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்த பதற்றத்தில் இருந்த அண்ணாச்சி, “எங்க போடணும்னு காட்டுங்க சார்” என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். தேர் நன்றாகப் போய்வந்தது. தாளை இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே குப்பத்து நெல்சனுக்கு மார் வலித்தது. படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர், ஐம்பதுகூட ஆகவில்லை. மனைவி ரோசி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். துறைமுக வாசலுக்காகக் காத்துக்கொண்டு டிரெய்லர்கள் மூன்று வரிசையாக ரோட்டை அடைத்து நின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. ஆட்டோ அந்த இரும்புச் சுவர்களுக்கு நடுவில் ஐம்பது நிமிஷம் நின்றது. ரோசி இறங்கி ஒவ்வொரு டிரைவரின் கதவையும் தட்டினாள். அவர்களாலும் நகர முடியவில்லை. அவள் திரும்பி வந்து பார்த்தபோது நெல்சன் ஆட்டோ கம்பியைப் பிடித்த கையோடு செத்திருந்தார்.

மறுநாள் காலை உடல் வீட்டில் இருக்கும்போதே ரோசி எழுந்து போய் ரோட்டின் நடுவில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூட்டிப் போகவில்லை. அவளைத் தேடிப் போன பெண்கள் இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் இருபது, அப்புறம் நூறு.

பிராங்கிளின் வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தார். ஹெல்மெட், கையுறை, சோத்துப் பை. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் நடுக்கடலில் சரியாமல் இருக்க இரும்புக் கம்பி மாட்டி இறுக்குகிற வேலை அவருக்கு. கொஞ்ச நேரம் ஓரத்தில் நின்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரோசிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். தெற்கே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, “எய்ந்திரு, எய்ந்திரு, வண்டி வருது, வழி வுடு” என்று கத்தி, கூட்டத்தைப் பிளந்து அதை அனுப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் செல்போனில் படம் எடுத்தார். படத்தில் அவர் கூட்டத்தின் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு வாய் திறந்து நிற்கிறார்.

அதிகாரிகள் வந்தார்கள். இடது பக்கம் ஒரு வழி எப்போதும் காலியாக இருக்கும், மஞ்சள் கோடு போடுகிறோம் என்றார்கள். கூட்டம் கலைந்தது. நெல்சனை அடக்கம் செய்தார்கள். நான்கே நாளில் மஞ்சள் கோடும் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது. சில்வியா வாசலில் நின்றபடி ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“இன்னாம்மே, கரண்டு பில்லா?”

“இந்தாய்யா, நீ எப்போ நூத்தியேழு செக்சன்ல கையெய்த்து போட்ட?”

“நான் இன்னாத்துக்குப் போடப்போறேன்?”

“போட்டுக்கீற. போன செப்டம்பர்ல. அமைதியைக் கெட்த்தா அம்பதாயிரம் கட்றேன்னு எயுதிக் குட்த்துக்கீற. அண்ணாச்சி உனுக்கு ஜாமீன்தாரரு. நீ கெட்த்துட்டியாம். பதினஞ்சு நாள்ல ஆபீசுக்கு வந்து, துட்ட ஏன் வசூல் பண்ணக் கூடாதுன்னு சொல்லணுமாம். நீ கட்டலன்னா அவராண்ட வாங்குவாங்களாம்.”

பிராங்கிளின் நோட்டீசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துகள் ஏறிக்கொண்டன. தலைப்பை மட்டும் கூட்டிப் படித்தார். “திருவிழா பேப்பர்னு நெனச்சேன்” என்றார். சில்வியா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அண்ணாச்சிக்கும் ஒரு நோட்டீஸ் போயிருந்தது. மத்தியானம் கடையைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

“என்னவே இது? ஒம்ம நம்பிக் கையெழுத்துப் போட்டா, நீரு ரோட்டுல போயி உக்காந்திருக்கீரு! சிங்கப்பூருல ஒம்போது வருசம் இருந்த மனுசன்தானே? அங்க இப்பிடி உக்காருவீரா?”

“அங்க உக்கார முடியாது அண்ணாச்சி.”

“முடியாதுல்லா? அதான் அந்த ஊரு அப்பிடி இருக்கு. என் தம்பி குவைத்துல இருக்கான். அங்க வெளியூர்க்காரன் பத்து பேரு சேந்து கொடி புடிச்சா, அன்னைக்கே பாஸ்போர்ட்டக் கையில குடுத்து பிளைட்டு ஏத்திருவான். கடை பன்னெண்டு மாசமும் தொறந்திருக்கும். இங்க? ஒரு வருசத்துல எத்தனை நாளு சட்டரு இறக்குதேன் தெரியுமா? ஒரு கட்சிக்காரன் செத்தா இறக்கணும், இன்னொரு கட்சிக்காரனப் புடிச்சா இறக்கணும். காய்கறி அழுகிப் போவுது. எனக்கு யாருவே நோட்டீசு அனுப்பிக் காசு தருவா?”

“நெசந்தான் அண்ணாச்சி. ஆனா குவைத்துல உன் தம்பிக்கு மூணு மாசம் சம்பளம் வரலன்னு நீதான் போன வருஷம் கல்லாவுல தலய வச்சு அயுதுகினு இருந்த. அப்போ அவன் எங்க போயி கேட்டான்?”

அண்ணாச்சி வாசற்படியில் உட்கார்ந்தார். “கேக்கல” என்றார். “கேட்டா அனுப்பிருவான்லா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நா ஸ்டேஷனுக்குப் போயிட்டுத்தான் வாரேன். ரைட்டரு ஒரு வழி சொல்லுதாரு. அந்தப் படம் நமக்குச் சாதகம்தானாம். கூட்டத்தக் கலைக்கத்தான் எந்திரிச்சு நின்னேன், நா உக்காரவே இல்லைன்னு எழுதிக் குடும். கூட்டத்தக் கூட்டுனது ரோசின்னு ஒரு வரி. அவ்வளவுதான். ஒம்மளயும் விட்டுருவாக, என்னையும் விட்டுருவாக.”

“அவமேல கேசு போடுவாங்களே.”

“பொம்பள, புருசன் செத்தவ. ஜெயில்லயா போடப்போறாக? ஒரு அபராதத்தோட போவும். ஒமக்கு அம்பதாயிரம், எனக்கு அம்பதாயிரம்னு நிக்கிதே, அதப் பாரும்வே.”

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஐம்பதாயிரம்தான் என்று சில்வியா உள்ளேயிருந்து திருத்தினாள். அண்ணாச்சிக்கு அதனால் பெரிய ஆறுதல் வரவில்லை.

அந்த வாரம் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஆறு நாள் தாமதமாக வந்திருந்தது. சாயா குடிக்கிற இடத்தில், கூட வேலை செய்கிற ரெஜி அதற்கு விளக்கம் வைத்திருந்தான். கப்பலில் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் கையும் சைகையுமாகக் கேட்டு வந்தது.

“பெல்ஜியம்னு ஒரு ஊராம் மாமு. அங்க துறைமுகத்துல ஸ்டிரைக்காம். முன்னாடியே எயுதிக் குட்த்துட்டு உக்காந்துட்டானுங்களாம். ஒர்த்தனும் ஒர்த்தனயும் புடிக்கல. போலீசே ஓரமா நின்னுகினு கொட்டாவி வுட்டுகினு இருந்துச்சாம்.”

“கப்பலு?”

“கப்பலு வெளியில நங்கூரம் போட்டுகினு நின்னுச்சு. நாலு கண்டெய்னரு மருந்து இந்தக் கப்பல்ல கீது. எவனுக்கு அவசரமோ, எவன் செத்தானோ, யாரு கண்டா?”

“ஆக, அங்க உக்காந்தாலும் ஒர்த்தன் சாவறான், இங்க உக்காரலன்னாலும் ஒர்த்தன் சாவறான்” என்றார் இன்னொருவர்.

“நீ உக்காராதே மாமு, உனுக்கு மூலம் கீது” என்று ரெஜி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பிராங்கிளினும் சிரித்தார். கம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏணியேறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மருந்துக் கண்டெய்னர்களில் ஒன்றை அவர்தான் அவிழ்த்தார். தொட்டால் ஜில்லென்று இருந்தது.

விசாரணைக்கு முந்தைய நாள் ரோசி வந்தாள். துக்கம் முடியாத வீட்டுப் பெண் மற்றவர் வீட்டுக்கு வரக் கூடாது என்பதால் வாசலிலேயே நின்றாள். மீன் விற்கிற கூடையை அவள் இன்னும் எடுக்கவில்லை. பெரிய மகளை வேலைக்கு அனுப்பத் தொடங்கியிருந்தாள்.

“ண்ணா, அண்ணாச்சி எல்லாத்தயும் சொன்னாரு. என் பேர எயுதிக் குட்த்துரு.”

“போம்மா நீ.”

“நெசமாத்தான் சொல்றேன். நான்தானே மொதல்ல உக்காந்தேன்? எனுக்கு இனிமே இன்னா போவப்போவுது?”

“ரெண்டு பொண்ணு கீது உனுக்கு. ஸ்டேஷன்ல பேரு ஏறிச்சுன்னா, அப்பால பாஸ்போர்ட்டு வேணும், அரசாங்க வேல வேணும்னா அதுங்களுக்குத்தான் பேஜாரு.”

“அதுக்கு நீ அம்பதாயிரம் கட்டுவியா? எங்கருந்து கட்டுவ?”

சில்வியா இன்னும் எடுக்காத ஏலச்சீட்டு ஒன்று உண்டு. அது மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு. மகனுக்கு ஜூன் மாதத்தில் கட்ட வேண்டும். ரோசி போன பிறகு சில்வியா சொன்னாள்: “நீ இன்னா சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சொல்றத வூட்ல சொல்லிட்டுப் போ.”

“எனுக்கே தெரிலம்மே” என்றார். அது பொய்யில்லை.

கோட்டாட்சியர் நாற்பது வயதுப் பெண்மணி. மேசையில் கோப்புகள் மலைபோல் இருந்தன. பக்கத்தில் ஒரு ஸ்டேஷன்காரர் படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். பிராங்கிளின் நின்றார், அண்ணாச்சி அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றார். கூப்பிடாமலே ரோசியும் வந்து கதவோரம் நின்றிருந்தாள்.

“இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?”

“நான்தான் மேடம்.”

“கையைத் தூக்கி என்ன பண்றீங்க?”

“ஆம்புலன்சுக்கு வழி வுடச் சொன்னேன்.”

ஸ்டேஷன்காரர் தலையாட்டினார். அண்ணாச்சி மூச்சு விட்டது பிராங்கிளினுக்கே கேட்டது. கோட்டாட்சியர் பேனாவைத் திறந்தார்.

“அப்ப நீங்க கலைஞ்சு போகச் சொல்லத்தான் நின்னீங்க. கூட்டத்துல உக்காரல. சரிதானே? கூட்டத்தை யார் கூட்டினாங்கன்னு தெரியுமா?”

ஒரு சொல் போதும். ‘சரி’ என்றால் வீட்டுக்குப் போகலாம். சீட்டுப் பணம் மகன் படிப்புக்குப் போகும். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளாமல் பெருவிழாவுக்கு அரிசி கொடுப்பார். கதவோரம் நின்ற ரோசி தலையை ஆட்டினாள், சொல்லிவிடு என்பதுபோல.

“உக்காந்தேன் மேடம்” என்றார் பிராங்கிளின். “நாப்பது நிமிஷம். யாரும் கூட்டல. அவங்கவங்களா வந்தோம்.”

அண்ணாச்சி, “கெடுத்தீரே” என்று முணுமுணுத்தார்.

கோட்டாட்சியர் பேனாவை மூடினார். கோபம் வரவில்லை அவருக்கு, களைப்புத்தான் தெரிந்தது. “போராட்டம் பண்ணக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. அஞ்சு நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுத்தா இடம் ஒதுக்கித் தருவாங்க. அதுதான் முறை.”

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. “புருஷன் செவ்வாக்கெயம சாவப்போறான்னு வியாயக்கெயமயே எனுக்கு எப்டிம்மா தெரியும்?”

ஸ்டேஷன்காரர் அவளை வெளியே அனுப்ப எழுந்தார். கோட்டாட்சியர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா அன்னைக்கு நீங்க உக்காந்தப்ப, பின்னாடி எவ்வளவு வண்டி நின்னுச்சு தெரியுமா? டயாலிசிசுக்குப் போன ஒரு அம்மா பாதி வழியில திரும்பி வீட்டுக்குப் போனாங்க. அடுத்த நாள் அவங்க மகன் இங்க வந்து என்கிட்ட சத்தம் போட்டார். உங்க ஆம்புலன்சுக்கு சைரன் இருந்துச்சு, வழி விட்டீங்க. ஷேர் ஆட்டோவுல போன அவங்களுக்கு சைரன் இல்லை. அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

பிராங்கிளினுக்கு இது தெரியாது. தரையைப் பார்த்தார். “அந்தம்மா இப்ப எப்டி கீறாங்க மேடம்?”

“இருக்காங்க. மறுநாள் பண்ணிக்கிட்டாங்க.” அவர் கோப்பைப் புரட்டினார். “நீங்க சிங்கப்பூர்ல வேலை பாத்தவருன்னு போட்டிருக்கு. அங்க இப்படி உக்காந்திருப்பீங்களா?”

இதையே அண்ணாச்சி கேட்டபோது ஒரு வரியில் முடித்தவர், இப்போது பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.

“அங்க தனக்கோடின்னு ஒர்த்தன் மேடம். அரியலூரு. என் கூட ஒரே ரூமு. இரும்புத் தகடு தூக்கும்போது கொக்கி நயுவி மேல வுய்ந்து செத்துட்டான். மறுநாளு காலைல அறுபது எய்பது பேரு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சும்மா நிக்கலாம்னோம். கோஷம் இல்ல, ஒண்ணும் இல்ல. சூப்பர்வைசரு வந்தாரு. கும்பலா நின்னா பெர்மிட்டு வேணும், வெளியூர்க்காரனுக்குக் குடுக்க மாட்டாங்க, நின்னா எல்லாரயும் அனுப்பிருவாங்கன்னாரு. நான்தான் அந்த கேங்குக்கு லீடரு. கலைஞ்சு போங்கடான்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் போயிட்டானுங்க.”

“சரி.”

“தப்பு சொல்லக் கூடாது மேடம். மூணு நாளுல அந்தக் கொக்கிய மாத்தினாங்க. எல்லாப் பேப்பரயும் தமிய் ஆளு ஒர்த்தர வச்சுப் படிச்சுக் காமிச்சுத்தான் எங்களாண்ட கையெய்த்து வாங்கினாங்க. தனக்கோடி வூட்டுக்கு ஆறு மாசத்துல நஷ்டஈடு ஒரு ரூபா கொறையாம வந்துச்சு. ஒயுங்கான ஊருதான். ஆனா அவனுக்காக நான் நிக்கல. பத்து நிமிஷம் நிக்கல. பன்னெண்டு வருஷம் ஆவுது, அது எனுக்குள்ளாற அப்டியே கீது.”

கோட்டாட்சியர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க கொக்கிய யாரும் மாத்த மாட்டாங்க மேடம். பத்து வருஷமா அந்த ரோட்ல லாரி நிக்கிது. எத்தினி மனு குட்த்தோம். உக்காந்தப்பால நாலு நாளுல மஞ்சக் கோடு வந்துச்சு. அத்தப் பாத்து எனுக்கு சந்தோஷம் இல்ல, வயித்தெரிச்சல்தான். அங்க நிக்க வுடல. இங்கயும் நிக்கலன்னா, நான் எந்த ஊர்ல நிக்கிறது?”

அண்ணாச்சி முன்னால் வந்தார். வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். இந்தப் பத்திரத்தத் திருவிழாப் பேப்பர்னு நெனச்சுப் போட்டோம். அவரு அவ்வளவா படிக்காதவரு. நா பி.காம். படிச்சவன். என் முன்னாலதான் தாளு இருந்துச்சு. நா வாசிக்கல.”

கோட்டாட்சியர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘படித்துக் காட்டப்பட்டு, முழுவதும் புரிந்துகொண்டு’ என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே இரண்டு கையெழுத்தும் தெளிவாக இருந்தன.

“படிச்சுக் காட்டினாங்களா?”

“இல்ல மேடம்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல நடந்தது. இதைத் தப்புன்னு நான் இங்க எழுத முடியாது. நீங்க கோர்ட்டுக்குப் போகலாம். ஒருவேளை பத்திரமே செல்லாதுன்னு வரலாம். வக்கீல், வாய்தா, ஒரு வருஷம் ஆகும். இங்கயே முடிக்கிறதா இருந்தா, உக்காந்தேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. தொகையில ஒரு பகுதியைத் தள்ளுபடி பண்ண எனக்கு அதிகாரம் இருக்கு. வழி விட்டதையும், உண்மையைச் சொன்னதையும் காரணமா எழுதி, நாற்பதாயிரத்தைத் தள்ளுபடி பண்றேன். பத்தாயிரம் கட்டணும். பத்திரமும் இதோட முடிஞ்சது, புதுசு எழுதச் சொல்ல மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

பிராங்கிளின் யோசித்தார். கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம். வாய்தாவுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். வக்கீல் பத்தாயிரத்துக்கு மேல் கேட்பார். இதெல்லாம் கணக்கு. அதற்குள்ளே, பார்த்திராத ஒரு அம்மா ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பிப் போனதும் இருந்தது.

“கட்டிடறேன் மேடம்” என்றார். “அந்தம்மா திரும்பிப் போனதுக்குன்னு வச்சுக்கறேன். ரோசிகூட உக்காந்ததுக்குன்னு எயுதாதீங்க.”

“அப்படியெல்லாம் எழுத இடமில்லை” என்றார் கோட்டாட்சியர். குரலில் கடுமை இல்லை. “பத்திரம் மீறப்பட்டதுன்னுதான் எழுத முடியும்.”

“சரி மேடம்.”

வெளியே ரோசி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “இன்னாத்துக்கு ண்ணா” என்று மட்டும் கேட்டாள். பிராங்கிளின் அவளைப் பஸ் ஏற்றி அனுப்பினார்.

திங்கட்கிழமை சில்வியா சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தாள். ஏலக் கழிவு போக இருபத்தெட்டாயிரம் வந்தது. அதிலிருந்து பத்தாயிரத்தை எண்ணி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். “உன் மவனாண்ட நீதான் சொல்லணும்” என்றாள். “சொல்றேன்” என்றார்.

செலான் கட்ட அண்ணாச்சியும் ஸ்கூட்டரில் வந்தார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வழி காலியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு டிரெய்லர் கோட்டின் மேலேயே நின்றது. அதற்கு அடுத்து இன்னொன்று முழுசாக உள்ளே நின்றது. டிரைவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் சுற்றிக்கொண்டு போனது.

பேங்கில் கூட்டம். செலானை அண்ணாச்சிதான் நிரப்பினார். வரிசை நகர்ந்து கவுண்டருக்குப் பக்கத்தில் வந்ததும் பிராங்கிளினின் கவரை வாங்கி, அதிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து அவர் சட்டைப் பையில் திணித்தார். தன் பையிலிருந்து பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மிச்சத்தோடு சேர்த்தார்.

“இன்னா அண்ணாச்சி இது?”

“பேசாதிரும். என் பாகம்.”

“உன் பாகம் இன்னா? நான்தானே உக்காந்தேன்?”

“நீரு உக்காந்ததுக்கு இல்லவே. அதுல இப்பவும் எனக்குச் சம்மதம் கெடையாது. நாளைக்கும் எவனாவது ரோட்டுல உக்காந்தா, எதுக்குடேன்னுதான் கேப்பேன். வாசிக்கத் தெரிஞ்சவன் வாசிக்காமப் போட்டேம்லா, அதுக்கு.”

“அப்ப பெருவிழா அரிசி?”

“அரிசிக்கென்ன? அது மாதாவுக்குல்லா, ஒமக்கா?”

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பணத்தை மிஷினில் போட்டாள். ஒரு தாளைத் துப்பியது. தடவி மறுபடி போட்டாள். செலானில் இரண்டு இடத்தில் சீல் குத்தி, பாதியைக் கிழித்து வெளியே தள்ளினாள்.

“பாக்கி எதாவது கீதாம்மா?” என்று பிராங்கிளின் கேட்டார்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “உங்க பேர்ல ஒண்ணும் இல்லைங்க. அடுத்து யாரு?”